கெடுத்து வாசி

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்
டெரன்ஸ் எழுதிக் கொடுத்தான்:
ஜி ஏழு.
அடியில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, ‘இத்தக் கெடுத்து வாசி ப்ரிஸி.’
பேஸ் கிடார்காரன். விளக்கம் சொல்வது அவன் வேலையில்லை.
முன்பக்கம் அவன் அம்மாவின் சர்க்கரை மாத்திரை,
இரண்டு அட்டை.

நான் எடைமேடையில் வேலை பார்க்கிறவள்.
துறைமுகக் கேட்டுக்கு வரும் கன்டெய்னர் லாரி
நாற்பது கிலோ கூட நின்றால் திருப்பி அனுப்புவேன்.
‘கொஞ்சம் கண்டுக்காத மேடம்’ என்பார்கள்.
கண்டுகொள்வதற்குத்தானே சம்பளம்.

ஆறு மணிக்கு ராயபுரம் சர்ச் ஹால்.
ஏழரை வரை பியானோ எனக்கு,
அப்புறம் யோகா வகுப்பு.
உப்புக்காற்று தின்ற பியானோ.
நடு எஃப் அழுத்தினால் இறங்கிவிடும்,
எழுந்திருக்க மட்டும் யோசிக்கும்.
நகத்தால் தூக்கிவிடுவேன்.

நான் அறிந்த ஜி ஏழு நல்ல பிள்ளை.
சி வீட்டு வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்.
காசிமேட்டு ரிசப்ஷன் ஒன்றில்
ராத்திரிக்கு நூறு தடவை கழற்றும்.

முதல் வாரம் எல்லாவற்றையும் கெடுத்தேன்.
பியை அரைக் கட்டை இறக்கினேன், கார்டு செத்தது.
எஃப்பை ஏற்றினேன், வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.
பியும் எஃப்பும் மேடையைத் தாங்கும் தூண்கள்,
தொடக்கூடாது என்று தெரிய
ஐந்து நாள்.

கெட வேண்டியவர் டி.
டி வீட்டில் இல்லை.
இடப்பக்கத்து வீட்டுக்காரரும் வலப்பக்கத்து வீட்டுக்காரரும்
அவருடைய நாற்காலிக்கு வந்துவிட்டார்கள்.
ஏயும் இல்லை. அங்கேயும் அதே கதை.
வந்தவர்கள் நாலு பேரும் கறுப்புக் கட்டைகள்.
ஐந்தில் நாலு.
மிச்சமிருக்கும் ஒன்றைத் தொட்டாயோ
அன்று வீடு போய்ச் சேரமாட்டாய்.

இடது கையில் எஃப், பி.
வலது கையில் ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட்.
அழுத்தினேன்.
மீன்பிடித் துறைமுக ஐஸ் லாரி
குழியில் இறங்கியது போல் ஒரு சத்தம்.
பாயைச் சுருட்டிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்ட பெண்
கதவருகில் நின்று கேட்டாள்:
‘மேடம், பியானோ ரிப்பேரா?’

சனிக்கிழமை கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி. எண்ணி முடிக்க முடியாத டேங்கர்கள்.
மணலிக் காற்று மூக்கில்.
ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் விரல் வைத்து
அந்த நாலையும் அழுத்திப் பிடித்திருந்தேன்.
பக்கத்து ஆட்டோவில் ஒரு குழந்தை அழுதது.
ஒருவர் சைக்கிளைச் சாய்த்துக் குனிந்து
கேட்டுக்கு அடியில் நுழைந்தார்,
திட்டு வாங்கிக்கொண்டே.
கடைசிப் பெட்டி போயும் கேட் திறக்கவில்லை.
இன்னொரு வண்டி வருகிறதாம்.
அப்போதுதான் உறைத்தது,
நான் கார்டை வாசித்துவிட்டு
அங்கேயே குடியிருக்கப் பார்த்திருக்கிறேன்.
கெட்டும் பட்டணம் சேர் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்,
கெட்டு அங்கேயே கிட என்று இல்லை.

திங்கள். ஆறு மணி.
எஃப் ஈயாயிற்று, அரைக் கட்டை.
ஈ ஃப்ளாட் சறுக்கி டி.
பி ஃப்ளாட் சறுக்கி ஏ.
காணாமல் போயிருந்த டி
எதுவும் நடக்காதது போல்
தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்,
பக்கத்தில் ஏ.
முதுகில் ஏதோ இறங்கியது.
எனக்கு முதுகு அடிக்கடி வலிக்கும், அதுவாகவும் இருக்கலாம்.

பி மட்டும் நகரவில்லை.
கேட்டுக்கு அந்தப் பக்கமும் அதே விரல், அதே பல்.
எத்தனை முறை வாசித்தும் எனக்குப் பிடிபடாதது அதுதான்.
டெரன்ஸிடம் கேட்டேன்.
‘அது அப்டித்தான்’ என்றான்.

இன்று மதியம் ஒரு லாரி,
முப்பத்தெட்டு கிலோ கூட.
டிரைவர் வாயைத் திறப்பதற்குள்
திருப்பி அனுப்பிவிட்டேன்.